கிரீட் தீவில் உடை கட்டாயமில்லாத கடற்கரைகள்: குடைகள் முடியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

கிரேக்க நாட்டுத் தீவான கிரீட்டில் "இங்கே உடையில்லாமல் குளிக்கலாம்" என்று சொல்லும் பலகை அநேகமாக எங்கும் இருக்காது. "இங்கே கூடாது" என்ற பலகைதான் ஆங்காங்கே உண்டு. ஆகவே இணையத்தில் கிடைக்கும் ஒரு பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பி, ஒரு கடற்கரையின் கார் நிறுத்துமிடத்திலிருந்தே துண்டோடு இறங்குவது பெரிய பிழை. அதே கடற்கரையில் வாயிலருகே பாட்டியும் பேரனும் குளித்துக்கொண்டிருப்பார்கள். எண்ணூறு மீட்டர் தள்ளி, பாறை மறைவில், உடையில்லாதவர்கள் படுத்திருப்பார்கள். எனவே தேட வேண்டியது கடற்கரையின் பெயரை அல்ல. அதன் எந்த முனை, எந்த மாதம், எந்த நேரம் என்பதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

கிரேக்க நாட்டில் கரையோரம் பொதுச்சொத்து. எந்த ஹோட்டலும் கடற்கரையை வேலி போட்டு அடைக்க முடியாது. நிர்வாணக் குளியலைப் பொறுத்தவரை, உரிமம் பெற்ற தனி விடுதிகளையும் முகாம்களையும் அமைக்க 1983-இல் வந்த ஒரு சட்டம் வழிசெய்தது. கிரீட்டில் அப்படிப்பட்ட இடமாக எல்லோரும் சொல்வது ஹோரா ஸ்ஃபாகியோன் ஊருக்குப் பக்கத்திலுள்ள விரித்தோமார்த்திஸ் ஹோட்டல். மற்ற எல்லா இடங்களிலும் நடப்பது அனுமதி அல்ல, சகிப்பு. யாரும் புகார் சொல்லாதவரை யாரும் கேட்பதில்லை. புகார் வந்தால் போலீஸ் வந்து உடுத்தச் சொல்லும். அப்போது வாதாடுவதில் பயனில்லை, சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

தடைப்பலகை கிரேக்க எழுத்தில் மட்டும் இருக்கலாம். "அபகோரெவெத்தே ஓ யிம்னிஸ்மோஸ்" என்றால் நிர்வாணம் தடை. கிரேக்கம் தெரியாவிட்டாலும் "யிம்னிஸ்மோஸ்" என்ற சொல்லை அடையாளம் காணலாம். அதன் முதல் எழுத்து, தண்ணீரில் தெரியும் நம் 'ட'வின் நிழல் போல இருக்கும்: நேர்கோடு இடப்பக்கம், படுக்கைக்கோடு மேலே. இந்த எழுத்தில் தொடங்கும் சொல்லைக் கடற்கரைப் பலகையில் கண்டால் போன் கேமராவால் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள்.

படி 1: தெற்குக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

கிரீட் கிழக்கு மேற்காகச் சுமார் 260 கி.மீ. நீளம். விமான நிலையங்கள், பெரிய ஊர்கள், நெடுஞ்சாலை, தொகுப்புச் சுற்றுலா ஹோட்டல்கள் எல்லாம் வடக்கில். தெற்கில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. சாலைகள் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக மலையைத் தாண்டி வந்து முடிகின்றன, பல ஊர்களுக்கிடையே கரையோரச் சாலையே கிடையாது. 1960-களின் பிற்பாதியில் மாதலா என்ற ஊரின் குகைகளில் ஹிப்பிகள் குடியேறியதும் இந்தப் பக்கம்தான். தொலைவும் பழக்கமும் சேர்ந்ததால், உடையில்லாக் குளியல் நிலைத்த இடங்களில் பெரும்பாலானவை தெற்கே லிபியக் கடலைப் பார்த்த கரையில் இருக்கின்றன. வடக்குக் கரையில் தங்கிக்கொண்டு தினமும் தெற்கே போய்வருவது வீண் அலைச்சல். மலைப்பாதையில் போகவர நான்கு மணி நேரம் கரைந்துவிடும். தெற்கிலேயே ஓர் ஊரைப் பிடித்து நான்கைந்து நாள் தங்குங்கள்.

படி 2: மாதத்தைப் பாருங்கள்

மே பிற்பாதியிலும் ஜூனிலும் வெயில் தாங்கும், கூட்டம் இல்லை, ஆனால் கடல் குளிர் (மே மாதத்தில் 19, 20 டிகிரி). செப்டம்பரும் அக்டோபர் முற்பாதியும்தான் ஆகச் சிறந்த காலம். கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், பள்ளி விடுமுறைக் குடும்பங்கள் திரும்பியிருக்கும்.

ஆகஸ்ட்டை, அதிலும் 15-ஆம் தேதியை ஒட்டிய வாரத்தை, தவிர்க்கலாம். அன்று மாதா திருநாள். கிரேக்கர்கள் குடும்பத்தோடு சொந்த ஊர் வந்து கடற்கரையை நிறைக்கும் காலம் அது. ஜூன் மாதத்தில் உடையில்லாமல் இருந்த அதே முனை அந்த வாரம் முழுக்க நீச்சலுடையில் இருக்கும். அங்கே பழைய உரிமை கொண்டாடுவது முறையல்ல.

ஜூலை, ஆகஸ்ட்டில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று வீசும். தெற்குக் கரையில் அது மலையிலிருந்து விழும் காற்றாக, விட்டுவிட்டு ஓங்கி அடிக்கும். பிளாகியாஸ் என்ற தெற்குக் கரை ஊர் இதற்குப் பேர்போனது. இரண்டு விளைவுகளை மனதில் வையுங்கள். ஒன்று, காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நீர் அமைதியாகத் தெரியும், ஆனால் காற்றடைத்த மெத்தையில் மிதப்பவரை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்த கரை லிபியா. இரண்டு, மணல் ஊசியாய்க் குத்தும். உடை இருந்தாலே தாங்காது, இல்லாவிட்டால் சொல்ல வேண்டாம். காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6-க்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்று மணற்கரையை விட்டுக் கூழாங்கல் கரைக்குப் போங்கள்.

படி 3: பட்டியலின் வயதைச் சோதியுங்கள்

ஒரு கரைக்கு தார்ச்சாலை வந்தால் ஒரே கோடையில் அதன் குணம் மாறிவிடும். சாலை, அதைத் தொடர்ந்து கார், அதைத் தொடர்ந்து வாடகைக் குடையும் சாய்வுநாற்காலியும், கடைசியில் குடும்பங்கள். பத்து வருடப் பழைய குறிப்பு அந்தக் கரையின் பழைய ஆளைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே எந்தக் கரையானாலும் கடந்த இரண்டு கோடைகளில் எழுதப்பட்ட குறைந்தது இரண்டு குறிப்புகள் ஒத்துப்போக வேண்டும். விமர்சனங்களில் "மகிழ்ச்சியாக இருந்தது" என்பவர்களைவிடப் புகார் செய்பவர்கள் பயன்படுவார்கள். "குழந்தைகளோடு போனோம், அந்தக் கடைசியில் துணியில்லாமல் ஆட்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருந்தால் உங்களுக்கு இடமும் தெரிந்துவிட்டது, எந்த முனை என்பதும் தெரிந்துவிட்டது.

தேடும்போது ஒரு தொல்லை: ஒரே ஊருக்கு லத்தீன் எழுத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருக்கும். கொமோஸ் என்ற கடற்கரையின் பெயர் ஓரிடத்தில் ஒரு 'm' எழுத்தோடும் இன்னோரிடத்தில் அதை இரட்டித்தும் எழுதப்படும். வரைபடத்திலுள்ள கிரேக்க எழுத்துப் பெயரை நகலெடுத்துத் தேடினால் உள்ளூர்க்காரர் எழுதியதும் சேர்ந்து வரும்.

படி 4: செயற்கைக்கோள் படத்தைப் படியுங்கள்

அரை மணி நேர வேலை, அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். வரைபடச் செயலியைச் செயற்கைக்கோள் பார்வைக்கு மாற்றி, கரை முழுத்திரையில் தெரியும்வரை நெருங்குங்கள்.

வரிசையாக, ஒரே இடைவெளியில் வட்டப் புள்ளிகள் தெரிந்தால் அவை வாடகைக் குடைகள். அந்தப் புள்ளிகள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். கடைசிப் புள்ளியிலிருந்து கரையின் முனைவரை எத்தனை மீட்டர் என்று செயலியின் அளவுகோலால் அளந்து பாருங்கள். 300 மீட்டருக்கு மேல் வெறும் மணல் இருந்து, நடுவே ஒரு பாறை மேடோ புதரோ மறைத்தால் அது நல்ல அறிகுறி. அந்த முனைக்கே தனியாக ஒரு மண்பாதை வந்து, கார்கள் நின்றால் கெட்ட அறிகுறி. கூழாங்கல் கரையில் அரைவட்டமாகக் கற்கள் அடுக்கியிருப்பது சில சமயம் படத்தில் தெரியும். நாள்முழுக்கத் தங்குபவர்கள் காற்றுக்காகக் கட்டிக்கொள்ளும் குட்டைச் சுவர்கள் அவை.

இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. படம் குளிர்காலத்தில் எடுத்ததாக இருந்தால் குடைகள் எல்லாம் கழற்றி வைக்கப்பட்டு, கரை முழுக்க வெறுமையாகத் தெரியும். கடலில் படகுகளும் நிறுத்துமிடத்தில் கார்களும் இருக்கின்றனவா என்று பார்த்துப் பருவத்தை முடிவுசெய்யுங்கள்.

படி 5: உள்ளூரில் கேளுங்கள், ஆனால் இப்படி

"நிர்வாணக் கடற்கரை எங்கே" என்று மளிகைக்கடை அம்மாவிடம் கேட்காதீர்கள். அறை வாடகைக்கு விடுபவர், டாக்சிப் படகோட்டி, கடற்கரை உணவகப் பையன் இவர்களிடம் "இன்னும் அப்படிக் குளிக்கிறார்களா, எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும். பெரும்பாலோருக்கு ஆங்கிலம் வரும். கிரேக்கத்தில் கேட்க வேண்டுமானால்: "எஹி பரலியா யிம்னிஸ்தோன் எதோ கொந்தா?" (இங்கே பக்கத்தில் நிர்வாணிகள் கடற்கரை உண்டா?) பதில் வாயால் வராது, கை நீளும். கை நீளும் திசையைக் கவனியுங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்

முதல்முறை போகிறவருக்கு நாங்கள் சொல்வது சூயா. தென்மேற்கில், வடக்குக் கரை நகரமான ஹானியாவிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாம்பல்நிறக் கூழாங்கல் கரை. ஊர் மேற்கு முனையில். கிழக்கு முனையில் பாறைகளுக்கு அருகே உடையில்லாதவர்கள். அந்த முனைக்குப் "பன்றிகள் குடா" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, கேட்டு மிரள வேண்டாம். கரையோரமாகக் கிழக்கே நடந்தாலே போதும். உடுத்தியவர்கள் மெல்ல மெல்லக் குறைந்து மற்றவர்கள் கூடும் அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். எங்கும் கோடு இல்லை. இந்த மாற்றத்தை ஒருமுறை பார்த்துப் பழகினால் எந்தக் கரையையும் படித்துவிடலாம்.

பிளாகியாஸும் அதே அமைப்புதான், ஆனால் மணல். வடக்குக் கரை நகரமான ரெதிம்னோவிலிருந்து பேருந்து ஒரு மணி நேரம் சொச்சம். வளைந்த நீண்ட கரையின் கிழக்குக் கோடி, செங்குத்துப் பாறைச்சரிவின் அடி. அங்கே கூட்டமாக இருந்தால் கிழக்கே, டம்னோனிக்கும் அமூதிக்கும் நடுவிலுள்ள சிறிய அமூதி என்ற குட்டிக் குடாவுக்குப் போகலாம்.

மாதலாவுக்குத் தெற்கே கொக்கினி அமோஸ், அதாவது செம்மணல். ஊரின் தெற்குக் கோடியிலிருந்து குன்றேறி இறங்கும் ஒற்றையடிப் பாதை, அரை மணி நேரம். தூரம் குறைவு என்று ரப்பர் செருப்போடு கிளம்புபவர்கள் இறக்கத்தில் சறுக்குகிறார்கள். பொடிக்கல் உருளும் சரிவு அது, பிடிப்புள்ள காலணி வேண்டும். பகல் பன்னிரண்டிலிருந்து நான்குவரை அந்தக் குன்றில் நிழல் என்பதே இல்லை. காலை பத்துக்குள் போய், மாலை ஐந்துக்கு மேல் திரும்புங்கள்.

மாதலாவுக்கு வடக்கே கொமோஸ். ஃபைஸ்தோஸ் என்ற பழங்கால அரண்மனையின் துறைமுகம் இங்கேதான் இருந்தது. 1976-இல் தொடங்கிய அகழாய்வின் வேலியிட்ட பகுதி கரையை ஒட்டியே இருக்கிறது. அதற்கு வடக்கே கலமாகி ஊர் நோக்கி நீளும் மணலின் நடுப்பகுதியில் உடையில்லாதவர்கள் பரவலாக இருப்பார்கள். இந்தக் கரையில் இரண்டு எச்சரிக்கைகள். மேற்குக் காற்றில் அலை எழும் நாளில் நீரோட்டம் இழுக்கும், இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். அடுத்தது, இது பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் கரை. கம்பிக்கூண்டு கவிழ்த்த இடத்தில் அடியில் முட்டைகள் இருக்கும். கூண்டில்லாத கூடுகளும் இருக்கலாம் என்பதால், குடைக்கம்பை ஈரமணல் பக்கம் மட்டுமே ஊன்ற வேண்டும், மேட்டுப்பக்கக் காய்ந்த மணலில் கூடாது. இருட்டுமுன் கரையைக் காலி செய்துவிடுங்கள்.

லெந்தாஸ் இன்னும் ஒதுக்கம். அஸ்தெரூசியா மலையைத் தாண்டி இறங்க வேண்டும், பேருந்தை நம்பாதீர்கள். ஊருக்கு மேற்கே ஒரு முனையைத் தாண்டியதும் திதிகோஸ் கரை. பின்னால் உணவகங்கள், முன்னால் உடையில்லாக் கரை என்று இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும் இடம் இது. தனியாகப் போகும் பெண்களுக்கும், சாப்பாடு கையருகே வேண்டுமென்பவர்களுக்கும் முதலில் இதைச் சொல்லலாம்.

இனி கிளிகா நெரா. பெயருக்கு இனிய நீர் என்று பொருள். ஹோரா ஸ்ஃபாகியோனுக்கும் லூத்ரோவுக்கும் நடுவே, செங்குத்து மலையின் அடியில் கூழாங்கல் கரை. அலை தொடும் இடத்துக்குச் சற்று மேலே கல்லை விலக்கிக் குழி பறித்தால் குளிர்ந்த நன்னீர் ஊறும். ஆற்று மணலில் ஊற்று தோண்டியவர்களுக்கு அந்த வித்தை சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கோடை முழுக்க மேலே ஆட்கள் தங்கும் கரை என்பதால், குடிக்கத் தண்ணீரை உடன் கொண்டுபோவதே உத்தமம், ஊற்று உடல் கழுவ இருக்கட்டும். நடந்து போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். அனோபோலி போகும் சாலையில் முதல் கொண்டையூசி வளைவுவரை ஏறி, அங்கிருந்து பிரியும் பாதையில் போக வேண்டும். ஒரு பகுதி பாறையில் செதுக்கியது, கடல் நேர் கீழே. உயரம் கண்டால் தலை சுற்றுபவர்கள் பருவத்தில் ஓடும் சிறு படகில் போங்கள். மலையடியில் ஒட்டிப் படுக்காதீர்கள். மேலே ஆடுகள் நடந்தாலே கல் விழும்.

மேற்குக் கோடியில் எலாஃபோனிசி என்ற பிரபலக் கடற்கரையின் கூட்டத்திலிருந்து கிழக்கே நடந்தால் கேத்ரோதாசோஸ் வரும். மணலில் வேரோடிய பழைய ஜூனிபர் மரங்கள், நிழல் உண்டு, கடை கிடையாது. மரக்கிளையை ஒடிப்பதும் தீ மூட்டுவதும் அந்தக் காட்டைக் கொல்லும்.

நேரம் நிறைய உள்ளவர்களுக்கு காவ்தோஸ் தீவு. கிரேக்க நாட்டின் தென்கோடி. அங்கே அயியோஸ் இயோஆனிஸ் கரையில் உடை என்ற பேச்சே எழாது. ஆனால் கடல் முரண்டு பிடித்தால் படகு ரத்து. விமானத்துக்கு முதல்நாள் காவ்தோஸிலிருந்து கிளம்பத் திட்டமிடுபவர் விமானத்தைத் தவறவிடுவார். குறைந்தது ஒரு முழுநாள் இடைவெளி விடுங்கள்.

படி 6: கரையில் இறங்கியபின்

நீச்சலுடையோடு கரையின் கடைசிவரை ஒருமுறை நடந்து திரும்புங்கள். பார்வையில் படுபவர்களில் பாதிப்பேர் உடையில்லாமல் இருந்தால் தயங்க வேண்டாம். ஒரே ஒருவர் மட்டும் என்றால் அவர் அறியாமல் வந்தவராக இருக்கலாம், அவரைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். யாருமே இல்லாத கரையில், வருபவர் உங்களைத் தூரத்திலிருந்தே பார்க்கும் இடத்தில் உட்காருங்கள். பாறை வளைவில் திடீரென்று எதிர்ப்படுவதுதான் சங்கடத்தை உண்டாக்கும். குழந்தைகளோடு ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து துண்டு விரித்தால், சட்டம் பேசாமல் இடுப்பில் ஒன்றைச் சுற்றிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

அந்த "ஒன்று" நம் கைலிதான். மேலைநாட்டார் இதற்கென்று விலைகொடுத்து மெல்லிய துணி வாங்குகிறார்கள். ஒரு பழைய பருத்திக் கைலி உட்கார விரிப்பு, எழுந்தால் உடை, வெயிலில் போர்வை, அரை மணியில் காய்ந்தும் விடும். உணவகம், படகுத்துறை, கார் நிறுத்துமிடம், கரையோரத் தேவாலயம் எல்லாவற்றுக்கும் உடுத்தியே போக வேண்டும். உணவகத்துக்குக் கைலி போதும், தேவாலயத்துக்குத் தோளும் மூடியிருக்க வேண்டும். யாருடைய நாற்காலியிலும் துணி விரிக்காமல் உட்காரக் கூடாது.

கேமரா வெளியே வரவே கூடாது. மலையைப் படமெடுப்பதாக இருந்தாலும் போனை உயர்த்தினால் பத்துத் தலைகள் திரும்பும். பக்கத்தவரிடமிருந்து, இடம் இருந்தால், பத்து மீட்டராவது தள்ளி விரியுங்கள். நேரே முன்னால் போய் உட்காராதீர்கள். யாராவது உற்றுப் பார்த்துக்கொண்டோ நெருங்கி வந்து உட்கார்ந்தோ தொல்லை தந்தால், பேச்சை வளர்க்காமல் குழுவாக இருப்பவர்கள் பக்கம் இடம் மாறுங்கள். அத்து மீறினால் போலீஸ் 100, பொது அவசர எண் 112, கடலோரக் காவல் 108.

படி 7: உடம்புக்கும் பைக்கும்

வழக்கமாக மூடியே இருந்த தோல் எந்த நிறமானாலும் வெந்துபோகும். முதல்நாள் அந்தப் பகுதிகளுக்கு இருபது நிமிட வெயில் போதும். சன்ஸ்க்ரீன் ஒருவருக்கு ஒருமுறை பூச 35 மி.லி., அதாவது ஏழு தேக்கரண்டி. இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும் என்பதால் 200 மி.லி. புட்டி இருவருக்கு ஒரு நாளில் தீரும். பலர் ஒரு புட்டியை ஒரு வாரம் ஓட்டுகிறார்கள், அதனால்தான் மூன்றாம் நாள் உட்கார முடிவதில்லை. முதல் பூச்சை அறையிலேயே, உடுத்துமுன் முடித்துவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். கூழாங்கல் கரைக்கு நீரில் போடும் ரப்பர் காலணி. முள்ளெடுக்கும் சிறு இடுக்கி, ஏனென்றால் பாறையடியில் கடல்முள்ளெலிகள் கிடக்கும். மணற்கரையில் புதைந்திருக்கும் திராக்கேனா மீனின் முதுகு முள் குத்தினால் வலி துடிக்கவைக்கும். அதன் நஞ்சு வெப்பத்தில் சிதையும். தாங்கக்கூடிய சூட்டு நீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணிக்குக் குறையாமல் காலை வைத்திருக்க வேண்டும். உணவகத்தில் கேட்டால் வெந்நீர் தருவார்கள். ஐஸ் வைக்காதீர்கள், அது இதற்கு நேர் எதிரானது.

கார் எடுத்தால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் டயரும் வண்டியின் அடிப்பகுதியும் காப்பீட்டில் வருமா என்று படியுங்கள், மண்பாதையில் அடிபடுவது அந்த இரண்டும்தான். மலையைத் தாண்டுமுன் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரவு கரையிலேயே கூடாரம் போடலாமா என்று கேட்பார்கள். பலர் போடுகிறார்கள், ஆனால் அனுமதிக்கப்பட்ட முகாமுக்கு வெளியே கூடாரம் போடுவது கிரேக்க நாட்டில் தடை, அபராதம் உண்டு. உடைக்குக் காட்டும் சகிப்பை இதற்கும் எதிர்பார்க்க முடியாது. போலீஸ் அதிகாலையில் வந்து எழுப்பிய பின்னர் அந்தக் கரை முழுவதற்குமே அந்தக் கோடையில் கெடுபிடி கூடிவிடும்.